வால் சுருளாத கல் இறால்

அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும். ஆறங்குல எஃகு ஸ்கேல், ஒரு சிவப்பு மார்க்கர், ஒரு பச்சை மார்க்கர். பச்சை மார்க்கர் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். சிவப்பு மாதத்துக்கு ஒன்று தீரும்.

பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் நான் லேத் ஓட்டிய கம்பெனியில் அவர் செக்கர். நாங்கள் கடைந்து கொடுக்கிற இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று சொல்வது அவர் வேலை. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, மூன்றாவது வரியில் தப்பிருக்கிறது என்று போன் செய்வார். செய்யக்கூடியவர்தான்.

என்னைவிட நாலு வயது சின்னவர். டிப்ளமோ படித்தவர். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அதனால் நான் அவரைச் சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் கணக்குச் சரியாகப் போயிற்று.

எந்தப் பட்டறையிலும் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் தொடங்கியதும் மிஷினில் ஒரே ஒரு பீஸ் மட்டும் கடைய வேண்டும். அதைச் செக்கர் கையில் கொடுத்துவிட்டு, மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் பார்த்துப் பச்சை வைத்தால்தான் இரண்டாவது பீஸைத் தொடலாம். இதற்கு முதல் பீஸ் என்று பெயர். மற்ற செக்கர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இவர் வாங்குவார். துடைப்பார். அளப்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் அளப்பார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற நான் கேட்காமல் இருக்க மாட்டேன்.

"சார், ஓகேவா?"

"ஸ்வல்ப இருங்கண்ணே."

ஓசூர்க்காரர். 'கொஞ்சம்' என்ற சொல்லை வரும் வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டு, கன்னடத்து 'ஸ்வல்ப'வை எடுத்து வைத்துக்கொண்டவர். அவருடைய ஸ்வல்பம் முடிவதற்குள் டீ வந்து ஆறிப்போகும்.

கம்பெனிக்குள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் சந்தாபுராவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடி அறையிலேயே அவரும் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட அந்த மனிதரிடமிருந்து எனக்கு விடுதலை இல்லை. எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டரைச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். என் மனைவி வாங்கி வந்த தர்பூசணியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்பார். அவள் திருப்பிக் கொடுக்காமல் வெட்டுவாள். உள்ளே வெள்ளையாக இருக்கும். அவர் சொன்னது சரி என்பதுதான் அதில் தாங்க முடியாத பகுதி.

எங்கள் சூப்பர்வைசர் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். இவரை மட்டும் காணவில்லை. தேடிப்போனால், ஹாலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஸ்கேலின் முனையால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். காது கொடுத்துக் கேட்கிறார்.

"சார், எந்திரிங்க. யாராவது பாத்தா அசிங்கம்."

"ஏழு டைல்ஸ் அடியில காலியா இருக்குண்ணே. ஒரு வருசத்துல உடையும்."

"அது அவங்க வீடு சார். உடைஞ்சா அவங்க பாத்துக்குவாங்க."

"இப்ப சொன்னா மேஸ்திரி மாத்திக் குடுப்பான். அப்புறம் சொன்னா குடுப்பானா?"

சொல்லிவிட்டு, ஏழிலும் சிவப்பு மார்க்கரால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். சூப்பர்வைசரின் மாமியார் கோலம் போட்ட தரையில். அந்த வீட்டில் நான் பாயசம் சாப்பிடவில்லை.

இதை வைத்து அவரை அடுத்தவன் குறை தேடுகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. தன் விஷயத்திலும் அப்படித்தான். ஆனேக்கல்லில் தனக்கு ஒரு பெண் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். பெண்ணுக்குப் பிடித்துவிட்டது, பெண்ணின் அப்பாவுக்கும் பிடித்துவிட்டது, தட்டில் கேசரி வந்துவிட்டது. இவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வலது காது பாதிதான் கேக்கும். பிரஸ் ஷாப்புல இருந்தப்ப சத்தத்துல போனது" என்றார். யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"கல்யாணத்துக்கப்புறம் மெதுவா சொல்லியிருக்கலாம்ல சார்?"

"டெலிவரி ஆனப்புறம் சொன்னா அது கம்ப்ளைண்ட்டுண்ணே."

அந்தச் சம்பந்தம் போயிற்று. அவர் அன்று இரவு நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எங்கள் இருவருக்கும் வித்தியாசமே அதுதான். வீட்டுப் பூட்டை நானும் இழுத்துப் பார்ப்பேன், அவரும் இழுத்துப் பார்ப்பார். அவர் ஒரு முறை இழுத்துவிட்டு மறந்துவிடுவார். நான் பஸ் ஏறின பிறகு இறங்கி வந்து இழுப்பேன்.

இப்போது கல் இறாலுக்கு வருகிறேன்.

என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. கடலுக்குப் போகிற வீடு, வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். நான் திருப்பத்தூர்ப் பக்கம். கடலை முதன்முதலில் பார்த்ததே இருபத்து மூன்று வயதில். கார்மென்ட்ஸில் வேலை பார்த்த அவளை நான் கல்யாணம் செய்துகொண்டது அவளுடைய அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருடம் அவர் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசினதில்லை. மாப்பிள்ளை என்று சொன்னதில்லை. மகளோடு போனில் பேசும்போதுகூட, "அந்த ஆளு எப்படி இருக்கான்" என்றுதான் கேட்பாராம்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆஸ்டின் டவுனில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அவர் வந்து இறங்கினார். நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். அவர் கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, மகளைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்குப் பூசை முடிஞ்சு மத்தியானம் உன் வீட்டுக்குச் சாப்பிட வாரேன். இதுல அஞ்சு கல் இறா இருக்கு, உசுரோட. அவனே ஆக்கட்டும். நீ கை வைக்கக் கூடாது."

அவள் அப்பாவோடு அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் அவரைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. வாசல் வரை வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் சட்டைப் பையிலிருந்த சீட்டில் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். அந்தச் சீட்டு இப்படி இருந்தது: அரை மணி நேரம் ஐஸில் போட்டு மயங்க வைக்கவும். பெரிய பாத்திரம். தண்ணீரில் உப்பு, வாயில் வைத்தால் துப்புகிற அளவுக்கு. நன்றாகக் கொதித்த பிறகு தலை முதலில் போகும்படி போட்டு மூடவும். பத்து நிமிடம், பெரியதாக இருந்தால் பன்னிரண்டு. செங்கல் நிறம் வரும். வால் உள்பக்கமாகச் சுருளும். எடுத்துத் தலையைத் திருகிக் கழற்றவும். வயிற்றுப் பக்கம் கத்தரியால் வெட்டி, கறுப்பு நரம்பை உருவி எறியவும். சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை மட்டும் போட்டுப் புரட்டவும்.

"மசாலாவ அள்ளிக் கொட்டிராதீங்க. கெட்டுப்போனதத்தான் மசாலா போட்டு மறைப்பாங்கன்னு அப்பா சொல்லுவாரு."

"சரி."

"நாளைக்கு வரைக்கும் பெட்டிக்குள்ள இருக்க ஈரச் சாக்கு காயாமப் பாத்துக்கோங்க. அவ்வளவுதான்."

பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சந்தாபுரா வந்து சேர்வதற்குள் ஆறு முறை வண்டியை ஓரம் கட்டி அவளுக்குப் போன் செய்தேன். ஆறாவது முறை, "எத்தன தடவதான் கேப்பீங்க, அப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதற்குமேல் போன் செய்யக் கூசியது.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். ஈரச் சாக்குக்குள் ஐந்தும் கிடந்தன. முழங்கை நீளம். பச்சையும் பழுப்புமான ஓடு, உடம்பெல்லாம் முள், சாட்டை மாதிரி இரண்டு மீசை. சாக்கின் ஒரு ஓரம் காய்ந்திருந்தது. ஒன்று காலை மெதுவாக அசைத்தது. எனக்கு அது மூச்சுக்குத் தவிப்பது மாதிரி பட்டது. ஆறு வருடம் கழித்து ஒரு மனிதர் சாப்பிட வருகிறார், அவர் கொண்டுவந்த உயிர் என் வீட்டில் செத்துப்போனால் என்ன ஆகும்? ஈரம் நல்லது என்றால் தண்ணீர் இன்னும் நல்லதுதானே? கடல் என்றால் உப்புத் தண்ணீர்தானே? குளிக்கிற பெரிய பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்து, இரண்டு கை கல் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, ஐந்தையும் உள்ளே விட்டேன். வாலை அடித்துக்கொண்டு துள்ளின. அடடா, தெம்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். என் வாழ்நாளில் நானாக யோசித்து, யாரையும் கேட்காமல் செய்த காரியங்களில் அது ஒன்று.

காலையில் பார்த்தேன். ஐந்தும் அடியில் அமைதியாக இருந்தன. தூங்குகின்றன, ஐஸ்கூடத் தேவைப்படாது என்று நினைத்துக்கொண்டேன். சீட்டில் எழுதியிருந்ததால் ஐஸும் போட்டேன்.

தண்ணீர் கொதித்தது. உயிரோடு இருப்பதைக் கொதிக்கிற தண்ணீரில் போட எனக்குக் கை வரவில்லை. மாடிப்படியில் நின்று, "சார், ஒரு அஞ்சு நிமிசம் கீழ வர்றீங்களா?" என்று கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டீர்கள் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

வந்தார். சமையல்கட்டு மேடையில் கிடந்த சீட்டை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். அவருக்கு அதுதான் டிராயிங், அளவு குறித்த வரைபடம். பிறகு ஐந்தையும் பார்த்து, சின்னதை ஸ்கேலால் அளந்தார்.

"முதல்ல இத மட்டும் போடுங்கண்ணே. மத்ததத் தொடாதீங்க."

"சார், இது லேத் இல்ல. மணி பத்தரை. பன்னெண்டரைக்கு மாமனார் வர்றாரு. அஞ்சையும் ஒண்ணா போட்டாத்தான் முடியும்."

"முதல் பீஸ் பாக்காம அஞ்சையும் போட்டு, அஞ்சும் போச்சுன்னா?"

"நீங்களே வாயை வச்சிராதீங்க சார்!"

அவரே இடுக்கியால் எடுத்து, தலை முதலில் போகும்படி போட்டு மூடினார். வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பத்து நிமிடத்தில் மூன்று முறை சாமி படத்தைப் பார்த்தேன். மூடியைத் திறந்தார். செங்கல் நிறம் வந்திருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஸ்வல்ப இருங்கண்ணே."

வெளியே எடுத்துத் தட்டில் போட்டார். சீட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"வால் சுருளும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"சுருளல."

வால் நேராக, துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் திருகிக் கழற்றினார். வயிற்றைக் கத்தரியால் வெட்டினார். விரலால் தொட்டதும் சதை மாவு மாதிரி கையோடு வந்தது. மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன்.

"எங்க வச்சிருந்தீங்க?"

பக்கெட்டைக் காட்டினேன்.

"ராத்திரி முழுக்கவா? கம்பெனில கூலன்ட் எண்ணெய்க்குப் பதிலா வெறும் தண்ணி ஊத்துனா பீஸ் துருப்புடிக்குமா இல்லையா? இது கொதிதண்ணில போடறப்பவே செத்திருக்குண்ணே. மத்த நாலும் அப்படித்தான்."

மணி பதினொன்று. கெஞ்சினேன். "சார், மசாலா கொஞ்சம் தூக்கலா போட்டுடறேன். காரம் ஏறினா ஒண்ணும் தெரியாது. ஒரே ஒரு நாள் சார். ஆறு வருசம் சார்."

"மசாலா போட்டா உங்களுக்குத் தெரியாது. வயித்துக்குத் தெரியும். வயசான மனுசன் சாப்பிட்டு வாந்தி பேதின்னு படுத்தா, அப்பவும் ஆறு வருசம்னு சொல்லுவீங்களா?"

சொல்லிக்கொண்டே பழைய பனியன் துணியை எடுத்தார். மீதி நாலையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் பைக்குள் கை போயிற்று. நாலின் முதுகிலும் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி.

"சார்! என்ன சார் இது!"

"சிவப்பு போட்டது வெளிய போகக் கூடாதுண்ணே."

"வேக வச்சா எல்லாமே சிவப்புதானே சார், அப்ப உங்க குறி எங்க தெரியும்?"

"அதுக்குத்தான் வேக வைக்காதீங்கன்றேன்."

அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து மாடிக்கே தள்ளியிருப்பேன். தள்ளுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே.

மாமனார் உள்ளே வந்து நேராகச் சமையல்கட்டில் நின்றார். பின்னால் என் மனைவி. மேடையில் வரிசையாக நாலு. குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, செத்ததுக்கு நாலுக்கும் சிலுவை போட்டு வச்சிருக்கான்?"

நான் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பெட்டியே கெட்டுப்போய்த்தான் வந்தது என்று சொல்லலாம். ஐஸ் உருகிவிட்டது என்று சொல்லலாம். செக்கர் முந்திக்கொண்டார். ஷிஃப்ட் ரிப்போர்ட் படிப்பது மாதிரி ஒப்பித்தார்.

"நான் மாடில இருக்கேங்க. அண்ணன் நேத்து சாயங்காலம் இதைப் போர் தண்ணில போட்டுட்டாரு. முதல் பீஸ்ல வால் சுருளல, கறி கொழகொழன்னு இருந்துச்சு. நாலையும் நான்தான் ரிஜெக்ட் பண்ணேன்."

என் மனைவி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல தண்ணிலயா போட்டீங்க? கடல் உசுரு நல்ல தண்ணில நிக்குமா? சாக்கத்தானே நனைக்கச் சொன்னேன்!"

இரண்டு கை உப்பை நம்பி நல்ல தண்ணீரில் ஒருவன் கொண்டுபோய்ப் போடுவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. போடக் கூடாது என்று எனக்கும் தோன்றவே இல்லை.

மாமனார் ஒன்றைக் கையில் எடுத்துத் தலையும் வாலும் சேருமிடத்தை அழுத்திப் பார்த்தார். கீழே வைத்தார். ஆறு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து என்னிடம் பேசினார்.

"தண்ணில எதுக்குப் போட்டிய?"

"செத்துருமோன்னு பயமா இருந்துச்சுங்க."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மகளிடம் திரும்பினார். "நாப்பது வருசமா இதப் புடிக்கேன். இது செத்துருமேன்னு ஒருத்தன் பயந்து இன்னைக்குத்தான் பாக்கேன்."

அது திட்டா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி முட்டையை வேகப் போட்டாள். செக்கர் ஐந்தையும் பின்பக்கத் தென்னைமரத்தடியில் புதைத்தார். நாய் தோண்டாத ஆழமா என்று ஸ்கேலை விட்டுப் பார்த்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மாமனாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

முட்டைக் குழம்புக்கு உட்கார்ந்தோம். மாமனார் செக்கரையும் விடாமல் உட்கார வைத்தார். சிவப்பு என்றால் என்ன, பச்சை என்றால் என்ன என்று விசாரித்துக்கொண்டே சாப்பிட்டார். பாதிச் சோற்றில் நிமிர்ந்து, என்னைக் கண்ணால் காட்டி அவரிடம் கேட்டார்:

"தம்பி, நீரு பொய் சொல்ற ஆளாத் தெரியல. இவரோட ஒண்ணா வேல பாக்கீரு, ஒரே வீட்டுல இருக்கீரு. சொல்லும். இவரு சிவப்பா, பச்சையா?"

வேறு யாராக இருந்தாலும், தங்கமான மனுசன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்கள். உலகத்தில் யாரிடம் கேட்கக் கூடாதோ அவரிடம் கேட்டுவிட்டார். என் மனைவி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நான் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

செக்கர் என்னைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஸ்வல்ப இருங்க" என்றார்.

எத்தனை நேரம் என்று சொல்ல முடியாது. சோறு என் விரலில் காய்ந்தது.

"சிவப்பு இல்லைங்க" என்றார் கடைசியில்.

"அப்போ பச்சையா?"

"பச்சைன்னும் சொல்ல முடியாது. மெட்டீரியல் நல்ல மெட்டீரியல். அக்காவ நல்லா வச்சிருக்காரு. ஆனா பயம் ஜாஸ்தி, அதான் அளவு தப்பிப் போகுது. இத நாங்க ரீவொர்க்னு சொல்லுவோம். தூக்கிப் போடறது இல்ல. மறுபடி மிஷின்ல மாட்டி, தேவையில்லாததக் கடைஞ்சு எடுத்தா போதும். ஓடும்."

மாமனார் சிரித்தார். வாயில் சோற்றோடு சிரித்ததில் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வர இருமிக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார்.

"மாப்பிள்ள, அந்தத் தண்ணிய எடும்."

எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த அவசரத்தில் பாதி அவர் வேட்டியில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. செக்கர் கவனித்தார்.

ஆறு வருடம் காத்திருந்த சொல், புரையேறினபோது வந்தது, ரீவொர்க் என்ற பட்டத்தோடு சேர்ந்து வந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மாமனார் எங்களை ஊருக்கு வரச் சொன்னார். கடல் தண்ணீரிலேயே கல் இறாலை வேக வைத்துக் காட்டினார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடப் போனவரை நான் தடுத்து, முதலில் ஒன்றைப் போடுங்கள் என்றேன். எல்லாருக்கும் பசி. எல்லாரும் என்னைத் திட்டினார்கள். போட்ட ஒன்றின் வால் சுருண்டு தலையைத் தொட்டது. இன்றைக்கும் அவர் போனில் மகளிடம், "ரீவொர்க் எங்க, வேலைக்குப் போயிட்டானா?" என்றுதான் கேட்கிறார்.

செக்கர் அடுத்த வருடம் வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றின அன்று டெம்போவில் கயிறு கட்டியது நான். நான் போட்ட முடிச்சை எல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டுத்தான் ஏறினார். போய் வருகிறேன் என்றுகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. அப்பாடா, விட்டது சனி என்று உள்ளே வந்தேன். அன்று முழுக்க வீட்டில் எதைச் செய்தாலும், யாராவது அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோக மாட்டார்களா என்று இருந்தது.

மாமனார் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவப் போனபோது, அவர் எங்கள் குளியலறைப் பக்கெட்டின் மேலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டார். "இதச் சமையலுக்கு எடுக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். நாங்கள் வீடு மாறிவிட்டோம், பக்கெட் கூடவே வந்திருக்கிறது. தினமும் காலையில் குளிக்கும்போது அந்தக் குறி என் முகத்துக்கு நேராக நிற்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், தின்னர் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. வேறு பக்கெட் வாங்கித் தொலைக்கலாமே என்கிறாள் என் மனைவி. வாங்கலாம்தான். ஸ்வல்பம் போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.